தோட்டத்து ஆட்கள்

அண்ணனின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அவருடைய மகள் பெரு நாட்டில் ஒரு வில்லாவை வாடகைக்கு எடுத்திருந்தாள். அண்ணன் லண்டனிலிருந்து போனில் கூப்பிட்டு, "நீயும் வர்ற. டிக்கட், விசா எல்லாம் புள்ள பாத்துக்கும். ஏலாதுன்னு சொல்லிறாத" என்றார். நான் அப்போது இலங்கையில், மாத்தளைச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெரு எங்கே இருக்கிறது என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் சொன்னபோது என் மனைவிக்கு என்னைவிடச் சந்தோஷம். "போயிட்டு வாங்க. வெள்ளக்காரனுக்கெல்லாம் நீங்க சுத்திக் காட்டுறீங்க. ஒங்களுக்கும் ஒருத்தங்க சுத்திக் காட்டட்டுமே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். தம்புள்ளைக்குப் போகும் வீதியோரத்தில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் நான் நெடுங்காலமாக வழிகாட்டியாக இருக்கிறேன். பஸ்ஸில் வந்து இறங்கும் ஜெர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மிளகுக் கொடியையும் வனிலாவையும் கறுவாப் பட்டையையும் காட்டுவேன். ஓர் ஆளைக் கூப்பிட்டு முழங்கையில் மூலிகைக் களிம்பு தடவி, கொஞ்சம் பொறுத்துத் துடைத்தால் அந்த இடத்து முடி முழுவதும் பஞ்சோடு வந்துவிடும். "தலையில பூசிறாதீங்க, பொண்டாட்டி அடையாளம் தெரியாம வெரட்டிருவா" என்று அவர்கள் பாஷையிலேயே சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அன்றைக்குத்தான் முதன்முறை சொல்வதுபோலச் சிரிப்பேன். பிறகு கடைக்குள் கூட்டிப்போவேன்.

அண்ணனும் நானும் மாத்தளைக்கு மேலே ஒரு ரப்பர், கொக்கோத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அம்மாவும் வெட்டினாள். கொக்கோ காய்க்கும் காலத்தில் காய் உடைத்தாள். தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த எங்களில் அண்ணனுக்குத்தான் படிப்பு ஏறியது. டவுன் பள்ளிக்கூடம், கொழும்பு, அப்புறம் லண்டன். அங்கே கணக்காளராகி, யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்தார். கல்யாணத்துக்கு எங்களில் யாரும் போகவில்லை. அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று அப்போது நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

விமானம் மாறி மாறி ஏறி குஸ்கோவில் இறங்கியபோது எனக்குத் தலை கிறுகிறுத்தது. அந்த ஊரின் உயரம் அப்படி. அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து, காதோரம், "எளச்சிட்டியேடா" என்றார். கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை. எங்கேயும் எவரிடமும் அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் காரில் ஏறி அண்ணி பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் பேச்சு மாறியது. "ஓம், ஓம்" என்றார். "பயணம் எப்பிடி? களைச்சுப் போனியோ?" என்றார். அம்மாவின் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சில் என்னை நலம் விசாரிப்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

வில்லா உருபம்பா பள்ளத்தாக்கில் இருந்தது. மண்சுவரும் ஓட்டுக்கூரையுமான பழைய பண்ணை வீடு. உள்ளே கம்பளிகள், விறகடுப்பு, வெந்நீர். தோட்டத்தில் தேன்சிட்டு போன்ற சின்னப் பறவைகள் பூக்களின் முன்னால் அந்தரத்தில் நின்றன. ஜன்னலைத் திறந்தால் பனி மூடிய மலை. காலையில் சமையல்காரப் பெண் கோக்கா இலை போட்ட வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். யாருக்கும் எங்கும் அவசரமில்லை. பத்து மணிக்கு மேல் கிளம்பினால் போதும். இப்படி ஒரு வீட்டில் வேலைக்காரனாகக்கூட நான் இருந்ததில்லை.

எங்களோடு அண்ணியின் அண்ணனும் வந்திருந்தார். ஓய்வு பெற்ற டாக்டர். கலகலப்பான மனிதர். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் எனக்குத் தானே சூப் ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உங்கட அப்பாவின்ர தோட்டம் எத்தினை ஏக்கர்?"

எனக்குப் புரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் உருளைக்கிழங்கின் தோலைக் கவனமாக உரித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் உருளைக்கிழங்கு ஊதா நிறத்திலும் இருக்கும்.

"பெரிய தோட்டங்க" என்றேன். அது உண்மைதான்.

"பாவம், காணிச் சீர்திருத்தத்தில அரசாங்கம் பறிச்சுப்போட்டுது, என்ன? எத்தினை பெரிய குடும்பங்கள் அப்பிடி விழுந்தது. நல்ல காலம், மிச்சத்தில நீங்கள் ஸ்பைஸ் கார்டனையாவது நடத்துறியள்."

அண்ணி பெருமூச்சு விட்டாள். அண்ணன் மகள் என் தோளைத் தட்டினாள். நான் சூப்பைக் குடித்தேன்.

மறுநாள் காலை, மற்றவர்கள் எழும்புமுன் அண்ணன் என்னைத் தோட்டத்துக்கு அழைத்தார். தனியாக இருந்ததால் பழைய பேச்சு திரும்பியிருந்தது.

"நான் பொய் சொல்லலடா. பொண்ணு கேட்டுப் போனப்ப, நாங்க மாத்தளையில தோட்டத்து ஆளுங்கன்னுதான் சொன்னேன். அவங்களா தோட்டத்துச் சொந்தக்காரங்கன்னு எடுத்துக்கிட்டாங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எப்புடிச் சொல்றது? தோட்டக்காட்டான்னு தெரிஞ்சா பொண்ணு குடுத்திருப்பாங்களா? அந்தக் காலத்துல?"

"இது அந்தக் காலம் இல்லியேண்ணே."

"அதான் சொல்றேன். இத்தன வருசம் போயிருச்சி. இன்னும் ரெண்டு கெழம. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இரு, போதும்."

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விருந்தாளியாக வந்தவன், அவர் காசில் வந்தவன், அவருக்கு இளையவன். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒருவனுக்கு வாய் எங்கே இருக்கும்?

அதன் பிறகு வந்த நாட்கள் வெளியிலிருந்து பார்த்தால் அழகான நாட்கள். மொராயில் இன்காக்கள் பூமியை வட்ட வட்டமாகக் குடைந்து கட்டிய படிக்கட்டு வயல்களைப் பார்த்தோம். பிசாக்கில் மலைச்சரிவு முழுவதும் கல் வரப்பு. டாக்டர் ஒவ்வொரு இடத்திலும், "தம்பிக்கு இதெல்லாம் புதுசில்லை, தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை" என்பார். மிளகுக்கு எந்த மண் நல்லது, கொக்கோவுக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்பார். எனக்கு அதெல்லாம் தெரியும். முதலாளி மாதிரி நிதானமாகப் பதில் சொன்னேன். போகப்போக எனக்கே அது நன்றாக வந்தது. அதுதான் எனக்குக் கசந்தது.

ஒரு மத்தியானம் நெசவு காட்டும் ஒரு முற்றத்துக்குப் போனோம். சிவப்புச் சட்டையும் தட்டைத் தொப்பியும் போட்ட பெண்கள் எங்களை வரிசையாக உட்காரவைத்து, குடிக்க ஏதோ தந்தார்கள். ஒருத்தி ஒரு கிழங்கைத் துருவி நீரில் கலக்கி நுரைக்கவைத்து அழுக்குக் கம்பளியை வெள்ளையாக்கினாள். கள்ளிச்செடியில் இருக்கும் ஒரு பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினாள். கை இரத்தமாகச் சிவந்தது. எலுமிச்சம்புளி விட்டாள், செம்மஞ்சளாக மாறியது. எங்கள் கூட்டம் ஆவென்றது. பிறகு நூலை இறுக்குகிற கூரான எலும்பு ஒன்றைத் தூக்கிக் காட்டி இங்கிலிஷில் சொன்னாள்: "இது லாமாவின் எலும்பு இல்லை. போன முறை வந்து ஒன்றும் வாங்காமல் போன டூரிஸ்ட்டின் எலும்பு."

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்குத்தான் முதன்முறை சொல்வதுபோல.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து முற்றத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தும் அதே இடத்தில் அதே சிரிப்பு எழுந்தது. பாவம் என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவள் என் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் இவள் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணி இரண்டு சால்வை வாங்கினாள். நான் ஒன்றும் வாங்கவில்லை.

பிறந்தநாளன்று ஒல்லாண்டாய்தாம்போ போனோம். மலையில் செங்குத்தாகக் கட்டிய கோட்டை. உச்சியில் யானை பருமனில் கற்கள். வழிகாட்டியாக வந்தவள் அந்த ஊர்ப் பெண், நல்ல இங்கிலிஷ் பேசினாள். கற்களைக் கீழே ஆற்றுக்கு அப்பாலிருந்து இழுத்துவந்த ஆட்களைப் பற்றிச் சொன்னாள். பிறகு, இன்கா அரசன் ஓர் ஊரைப் பிடித்தால், அங்குள்ள சனங்களைக் குடும்பம் குடும்பமாகக் கிளப்பித் தூரத்து மலையில் கொண்டுபோய் வைப்பான் என்றாள். அவர்கள் அங்கே அரசனுக்காக வேலை செய்யவேண்டும். திரும்பிப் போகக் கூடாது. தங்கள் பழைய ஊர் உடுப்பையும் தலைக்கட்டையும் மாற்றவும் கூடாது. யார் எங்கிருந்து கொண்டுவரப்பட்டவன் என்று பார்த்ததும் தெரியவேண்டுமாம்.

டாக்டர் தலையாட்டினார். "எங்கட நாட்டிலயும் வெள்ளைக்காரன் இதைத்தானே செய்தவன். இந்தியாவில இருந்து தோட்டக்காட்டுச் சனத்தைக் கொண்டுவந்து மலையில விட்டவன். அதுகள் இண்டைக்கும் அப்பிடியேதான் இருக்குதுகள்."

அண்ணன் மகள் என் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, எங்கட தோட்டத்திலயும் அப்பிடி ஆக்கள் இருந்தவையோ?"

அவள் குற்றமறியாமல் கேட்டாள். நான் அண்ணனைப் பார்க்கவில்லை.

"இருந்தாங்கம்மா. அது நாங்கதான்" என்றேன். "எங்க பூட்டன ஒரு கங்காணி கப்பல்ல ஏத்தி, மன்னார்ல எறக்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தான். வழியில செத்தவங்க போக மிச்சம் இருந்தவங்கதான் நாங்க. எங்க அப்பா ரப்பர் பால் வெட்டுனாரு. ஒங்க அப்பா பொறந்தது லயத்துக் காம்பராவுல."

 அண்ணன் உரக்கச் சிரித்தார். "தம்பி பகிடி விடுறான். டூரிஸ்ட்டுக்குக் கதை சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் பழகிப்போச்சு."

டாக்டர் என் முதுகில் தட்டினார். "நல்ல ஆள் ஐயா நீர்! ஒரு கணம் நம்பிப்போட்டன்."

அண்ணி சிரித்தாள். அண்ணன் மகளும் சிரித்தாள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஏனென்றால் அதைச் சொல்லும்போது என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கன்னம் இழுபட்டிருப்பதை நானே உணர்ந்தேன். ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று வாய் திறந்தால் என் முகம் தானாகவே அப்படி ஆகிவிடும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொல்லவேண்டியதைச் சொன்னபோதும் அது என்னைக் கைவிட்டது. இறுக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி சொல்ல வாயெடுப்பதற்குள் வழிகாட்டி மேலே ஏற ஆரம்பித்திருந்தாள். எல்லோரும் பின்னால் போனார்கள்.

மாலையில் வில்லாவில் கேக் வெட்டினார்கள். அண்ணன் பேசினார். "எங்கட அப்பா ஒவ்வொரு மரத்தையும் தன்ர கையால தொட்டு வளர்த்தவர். விடியமுதலே எழும்பித் தோட்டத்துக்குப் போயிடுவார்" என்றார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பால் வெட்டுகிறவன் எல்லா மரத்தையும் தொடத்தான் வேண்டும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடமாட்டார்கள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் எழுந்து வெளி வராந்தாவுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார்.

"ஒனக்கு நான் என்னடா கொற வச்சேன்? எல்லார் முன்னாலயும் என்ன அசிங்கப்படுத்தப் பாத்தியே."

"எனக்கு ஒண்ணும் கொற இல்லண்ணே. அப்பாவப் பத்தி அப்புடிப் பேசாதீங்க."

"நல்லதுதானே பேசுனேன்?"

"அது அப்பா இல்ல. வேற யாரோ."

 அண்ணன் மெதுவாகச் சொன்னார். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"அம்மாவே ஒத்துக்கிட்டாங்கடா. நாங்க கண்டிக்கு வந்திருந்தப்ப நான் முன்னாலயே போன் பண்ணிச் சொன்னேன். நீங்க பேச ஆரம்பிச்சா லயத்துக் கத எல்லாம் வந்துரும்மான்னு சொன்னேன். அம்மா ஒரு வார்த்த எதுத்துக் கேக்கல. அன்னைக்கு வாயே தொறக்கல, பாத்தியா? அம்மாவுக்குப் புரிஞ்சது ஒனக்குப் புரியல."

அண்ணன் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் ஒருமுறை இலங்கைக்கு வந்தார்கள். கண்டியில் வாவிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் தங்கினார்கள். பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, நீங்களே வந்துவிடுங்கள் என்றார் அண்ணன். அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தார். நான் வேன் பிடித்து அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். ஹோட்டல் முன்கூடத்து மெத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி கையைப் பிடித்து, "மாமி, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டாள். அம்மா சிரித்துத் தலையாட்டினாள். பேத்தியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தையின் தலையைத் தடவினாள், கன்னத்தை முகர்ந்தாள். அதனிடமும் ஒரு சொல் பேசவில்லை. லயத்தில் அம்மா வாய் ஓயாதவள். அவள் குரல் மேல்வரிசைக் காம்பரா வரைக்கும் கேட்கும்.

திரும்பி வரும்போது, "ஏம்மா ஒண்ணுமே பேசல?" என்று கேட்டேன். "தொண்ட கட்டிக்கிச்சுடா" என்றாள். வீட்டுக்கு வந்து நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அவள் அதைக் குடித்தாள். நான் நம்பினேன். சாகும்வரைக்கும் என்னிடம் அவள் சொல்லவேயில்லை.

 அன்று வராந்தாவில் அண்ணனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவரும் அம்மாவின் பிள்ளை. உள்ளே போய் எனக்கு வைத்திருந்த கேக்கைத் தட்டோடு மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மச்சு பிச்சுவுக்கு மறுநாள் டிக்கட் இருந்தது. போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். போனேன். ரயிலில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் நீட்டினார். நல்ல மனிதர் என்பதுதான் அவரிடம் உள்ள தொல்லை. மேலே போனபோது மேகம் விலகி, அந்தக் கல் நகரம் படத்தில் பார்ப்பதைவிட அழகாக விரிந்து கிடந்தது. அழகாக இருந்ததற்காக அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு படிக்கட்டில் அண்ணன் மகள் என்னோடு தனியாக வந்தாள். முன்னால் போனவர்கள் தூரமானதும் கேட்டாள். "சித்தப்பா, நேற்று நீங்கள் சொன்னது பகிடியோ?"

"இல்லம்மா."

அவள் நின்றுவிட்டாள். "அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

அவள் கீழே ஆற்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னென்னவோ போய் வந்தன. எனக்கு அந்தக் கணத்தில் ஒரு நம்பிக்கை வந்தது, அதை மறைக்கப்போவதில்லை. இந்தப் பிள்ளையாவது என் கையைப் பிடித்து, தாத்தா எப்படி இருப்பார், லயம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் என்று நினைத்தேன்.

"பிளீஸ், சித்தப்பா, இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்கினம். ஹொலிடே முடியட்டும்" என்றாள்.

ஹொலிடே முடிந்தது. நான் மாத்தளைக்கு வந்தேன். மனைவி படங்களைக் கேட்டாள், காட்டினேன். அம்மா விஷயத்தைச் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அத்த என்கிட்டயும் சொல்லலியே" என்று மட்டும் சொன்னாள்.

சில மாதம் கழித்து அண்ணன் போனில் கூப்பிட்டார். ஒன்றுமே நடக்காத குரல். எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவை இப்போது டூரிஸ்ட்டுக்கு வில்லாவாக விடுகிறார்கள். நீச்சல் குளம்கூட வெட்டியிருக்கிறார்கள். அதை இன்டர்நெட்டில் பார்த்திருக்கிறார்.

"டாக்டர் வந்து பாக்கணும்னு ஆசப்படுறாரு. நம்ம பழைய வீடு அதுதான்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. டிசம்பர்ல வர்றோம். நீ கொஞ்சம் போயிப் பேசி, நல்ல ரூமா எடுத்து வை. நீயும் வந்து எங்களோட தங்கு."

அந்தப் பங்களா வாசலுக்கு அப்பா ஒரே ஒருமுறை போயிருக்கிறார், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசிப் படிக்குக் கீழே நின்று, அண்ணனைப் பள்ளிக்கூடம் மாற்ற ஒரு கடிதம் கேட்பதற்காக. அண்ணனுக்கு அது தெரியும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனதே அவர்தான்.

"என்னால ஏலாதுண்ணே. நீங்களே எடுத்துக்குங்க" என்றேன்.

"இன்னும் மனசுல வச்சிக்கிட்டு இருக்கியாடா?"

"ஆமா" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அவர்கள் வந்தார்கள். பங்களாவில் சமையல் வேலை பார்க்கும் பெண்ணின் காம்பரா, நாங்கள் இருந்த அதே லயத்தில். அவள் சந்தையில் என்னைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் வராந்தாவை விட்டு இறங்கவே இல்லையாம். வெள்ளை உடுப்புப் போட்ட மகள் மட்டும் ஒரு காலையில் தனியாகப் பாதையில் இறங்கி வந்து லயத்துக்கு முன்னால் நின்றாளாம். பிள்ளைகள் சுற்றிக்கொண்டதும் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாளாம்.

"யாரயாச்சும் தேடி வந்தீங்களாம்மான்னு கேட்டேங்க. இல்ல, சும்மா பாக்க வந்தேன்னு சொன்னாங்க" என்றாள்.

பங்களாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு த்ரீவீலரில் அரை மணி நேரம்கூட இல்லை. அவர்கள் அங்கே இருந்த நாட்களில் என் மனைவி தினமும் கூடுதலாக ஒரு சுண்டு அரிசி போட்டாள்.  யாரும் வரவில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.